20 நாள் வீடு பூட்டிக் கிடக்கும்: கேமரா போட்டால் போதுமா?

பட்டினத்தான்:
வீடு பெரியபட்டினம். கடல் அரை கிலோமீட்டர்தான். முன்வாசல் தேக்குக் கதவு, வெளியே நாதாங்கியில் தொங்குபூட்டு. பின்கட்டு ஓட்டுக்கூரை. கொல்லையில் ஓலை வேலி, அதைத் தாண்டினால் கருவேலங்காடு. வாப்பா, உம்மா 20 நாள் உம்ராவுக்குப் போறாங்க, நான் துபாய்ல இருக்கேன். 4 கேமராவுக்கு விலை கேட்டு வச்சிருக்கேன். அது போதுமா?

தாழ்ப்பாள்:
தம்பி, கேமரா கடைசி வேலை. முதல்ல நாதாங்கியைப் பாருங்க. பூட்டை யாரும் மெனக்கெட்டுத் திறக்கிறதில்லை, கடப்பாரையை விட்டு நாதாங்கியை நெம்பிடுவாங்க. நம்ம கரையில அதுக்குப் பலமே வேண்டாம். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், மரத்துக்குள்ள ஸ்க்ரூவை உப்பு தின்னிருக்கும். ஒண்ணைக் கழற்றிப் பாருங்க: மரை மழுங்கி துருப்பொடியா வந்தால் அந்த நாதாங்கி சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

மாற்றும்போது திரும்பவும் 1 அங்குல ஸ்க்ரூ போடாதீங்க. 8 மி.மீ. போல்ட் கதவை ஊடுருவிப் போகணும். உருண்டைத் தலை வெளியே, வாஷரும் நட்டும் உள்ளே. நட்டுக்கு மேல நீட்டுற மரையைச் சுத்தியலால் தட்டி மழுக்கிடுங்க. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வாங்கினால் 316 ரகம் கேளுங்க. அதில் மாலிப்டினம்னு ஒரு உலோகம் கலந்திருக்கிறதால உப்பைத் தாங்கும். 304 கொஞ்ச நாள்ல பழுப்புக் கறை பிடிக்கும், 202 இன்னும் மோசம். காந்தம் வச்சுப் பார்த்து ஏமாறாதீங்க, மூணுமே பெரும்பாலும் ஒட்டாது.

முடிஞ்சால் தொங்குபூட்டையே எடுத்துட்டுக் கதவுக்குள்ள பதிக்கிற மார்ட்டிஸ் லாக் போடுங்க. வெளியே பூட்டுத் தொங்கினால் ஆள் இல்லைன்னு தெருவுக்கே தெரியும். லாக்குக்குத் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், மணலும் உப்பும் ஒட்டி இறுகிடும். கிராஃபைட் தூள் போதும்.

ஓட்டுவீடு:
முன்வாசலை இத்தனை பலப்படுத்திட்டு ஓட்டுக்கூரையை அப்படியே விட்டால் எப்படி? நாலு ஓட்டை விலக்கினால் ஒரு ஆள் இறங்கலாம். சட்டத்துக்கு அடியில 2 அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பிவலை) அடிங்க, வீட்டுக்குள்ள இருந்து. அதுக்கு நேரமில்லைன்னா பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவில் உள்ள கதவுக்கு, முன்கட்டுப் பக்கமா 40×6 மி.மீ. இரும்புப் பட்டை குறுக்கே போடுங்க. பீரோ முன்கட்டு தளம் போட்ட அறையில் இருக்கட்டும். சாவியை பீரோ மேலயோ தலையணைக்கடியிலயோ வைக்கிறது எல்லா வீட்டுப் பழக்கம், அது திருடனுக்கும் தெரியும்.

கொல்லையில் ஏணி, மண்வெட்டி, கடப்பாரை எதுவும் கிடக்கக் கூடாது. உங்க கடப்பாரையை வச்சே உங்க கதவை நெம்புவான். வேலி ஓரக் கருவையை 10 அடிக்கு வெட்டிடுங்க.

பட்டினத்தான்:
ஜஸாக்கல்லாஹ். வாசல் லைட்டை 20 நாளும் போட்டே விட்டுடலாமா?

டிவிஆர்:
வேண்டாம். பகல்ல எரியுற லைட் தொங்குபூட்டை விட மோசமான விளம்பரம். இருட்டினால் எரிஞ்சு விடிஞ்சால் அணையுற சென்சார் போடுங்க.

கேமரா போடுறதாக இருந்தால் சில விஷயம். 8, 9 அடி உயரம் போதும், மாடி உயரத்தில் வச்சால் தலைமுடிதான் பதிவாகும். நம்ம ஊர்ல முதல்ல போறது கேமரா இல்லை, ஒயர் முனை. உப்புக்காத்துல பச்சை பிடிச்சுப் படம் நின்னுடும். முனையை மூடின ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள வச்சு, ஒயர் நுழையுற துளையை சிலிக்கான் விட்டு அடைங்க. கேமரா படத்தைப் பதிவு செய்யுற டிவிஆர் பெட்டியை டிவிக்குக் கீழ வைக்காதீங்க, அதைத்தான் முதல்ல கழற்றிட்டுப் போவாங்க. பரண்ல மறைச்சு வைங்க. 2 மெகாபிக்சல் கேமரா 4 இருந்தால் 1 டிபி ஹார்டிஸ்க் சுமார் 15 நாள் தாங்கும், அப்புறம் பழசு அழியும். உங்களுக்கு 20 நாள், 2 டிபி கேளுங்க. கரண்டு போனால் மோடமும் ஓடுறதுக்கு யுபிஎஸ் வேணும், இல்லைன்னா துபாய்ல கறுப்புத் திரைதான் தெரியும்.

முடுக்குக்காரர்:
உம்ராவுக்கு வழியனுப்பு வச்சாலே ஊருக்கே தேதி தெரிஞ்சிடும். அதனால மறைக்கிறதை விட ஆள் வைக்கிறதுதான் நல்லது. சொந்தத்தில் ஒருத்தர் ராத்திரி அங்க படுத்தால் மேல சொன்னதெல்லாம் இரண்டாம் பட்சம்.

ஸ்டேஷன்ல முகவரி, போற தேதி, திரும்புற தேதி, சாவி வச்சிருக்கிறவர் நம்பர் எழுதிக் கொடுங்க, ரோந்து போறவங்க பார்ப்பாங்க. பக்கத்து வீட்ல முன்வாசல் தெரியுற ஒருத்தர், கொல்லை தெரியுற ஒருத்தர்னு ரெண்டு பேர்கிட்ட சொல்லுங்க. ராத்திரி மட்டும் இல்லை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்திலும் தெரு காலியாத்தான் இருக்கும். சத்தம் கேட்டால் தனியா உள்ளே போகாமல் எல்லா வீட்லயும் லைட்டைப் போட்டுக் குரல் கொடுத்துட்டு 100 அல்லது 112. புதுசா பாய் விற்க வந்தவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்ல சுத்த விடுறது, அடிக்கிறது வேண்டவே வேண்டாம்.

நகையை லாக்கர்ல வைங்க. பேங்க்ல திருட்டு நடந்தால் அவங்க பொறுப்பு வருட வாடகையைப் போல 100 மடங்கு வரைதான், அதனால ஒவ்வொரு நகையையும் தராசுல வச்சுப் படம் எடுங்க. ஹால்மார்க் நகையில பொறிச்சிருக்கிற 6 எழுத்து அடையாளக் குறியீடு (ஹெச்யுஐடி) இருந்தால் குறிச்சுக்குங்க.

பட்டினத்தான்:
சரி காக்கா. நாளைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்றேன்.

தாழ்ப்பாள்:
கொல்லைக் கதவுல கழற்றச் சொல்லுங்க. கடல்காத்து நேரா அடிக்கிறது அங்கதான்.