வண்டலூர் உயிரியல் பூங்கா: தண்டையார்பேட்டையிலிருந்து 2 வேன், 27 பேர். சுற்றிக்காட்டும் வரிசை எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டை_தெருச்சங்கம்

வணக்கம். தெரு நலச்சங்கம் சார்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் போகத் திட்டம். 27 பேர். 60 தாண்டியவர்கள் 7, பத்து வயதுக்குள் 9 பிள்ளைகள். 17 இருக்கை டெம்போ டிராவலர் ஒன்று, 12 இருக்கை ஒன்று பேசியாயிற்று. மைக் பிடித்து வழிநெடுக விளக்கம் சொல்லும் பொறுப்பு என்னுடையது.

வேனை உள்ளே மெதுவாக ஓட்டி, கூண்டுக்குக் கூண்டு நிறுத்திப் பேசலாம் என்பது யோசனை. எந்த வரிசையில் போனால் சஃபாரியும் சேர்த்து ஒரே நாளில் முடியும்? போக பைபாஸ் நல்லதா, மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நல்லதா? மைக்கில் என்ன சொன்னால் பெரியவர்களும் பிள்ளைகளும் தூங்காமல் கேட்பார்கள்?

---

பதில் 1: மூலக்கடை_வேன்ஸ்டாண்டு

சார், முதல்ல ஒரு விஷயம். உங்க வேன் உள்ள போகாது. பார்க்கிங்ல போட்டுட்டு நடக்கணும், இல்லன்னா அவங்க பேட்டரி வண்டியில போகணும். சிங்கம் பார்க்க அவங்க சஃபாரி பஸ்தான். அதனால டூரை மூணா பிரிச்சுக்குங்க: ரோட்ல உங்க வேன், உள்ள பேட்டரி வண்டி, சஃபாரி பஸ். நீங்க மைக் பிடிக்கிறது முதல் பாகத்துல மட்டும்தான். உள்ள ஸ்பீக்கர் போட்டா காவலர் வந்து நிறுத்தச் சொல்வாரு, அதுவும் நியாயம்தான். சத்தம் கேட்டா மிருகம் புதர் பின்னாடி போய்ப் படுத்துக்கும், அப்புறம் யாரும் ஒண்ணும் பார்க்க முடியாது.

ரூட்: தண்டையார்பேட்டைக்கு பைபாஸ்தான். வியாசர்பாடி, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல். அங்க பைபாஸ் ஏறுனா மதுரவாயல், போரூர் வழியா பெருங்களத்தூர்ல ஜிஎஸ்டி ரோட்டுல (திருச்சி போற நெடுஞ்சாலை) இறக்கி விட்டுடும். பைபாஸ் மட்டும் 32 கி.மீ., மொத்தம் 45க்கு கொஞ்சம் மேல. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் மட்டும் போயிடாதீங்க. கூட்ஸ் வண்டிக்கு கேட் போட்டா ரெண்டு வேனும் தனித்தனியா மாட்டிக்கும்.

சூரப்பட்டு, வானகரம்னு ரெண்டு டோல். ரெண்டு வண்டிக்கும் ஃபாஸ்டேக்ல பணம் இருக்கான்னு முந்தின நாள் ராத்திரியே பாருங்க. ஒரு வண்டி லைன்ல நின்னா இன்னொண்ணு பைபாஸ் ஓரத்துல காத்திருக்கும். அதுதான் ஆபத்து, பின்னாடி வர்ற டிரெய்லர்காரனுக்கு நின்ன வண்டி கடைசி நிமிஷத்துலதான் தெரியும். காத்திருக்காம ஓட்டுங்க, வண்டலூர்ல சேர்ந்துக்கலாம்.

பாத்ரூம் மாதவரம் புறநகர் பஸ் நிலையத்துலயே முடிச்சுடுங்க. பைபாஸ் ஏறுனப்புறம் பெட்ரோல் பங்க்கை நம்பணும்.

பெருங்களத்தூர் தாண்டினதும் இடது ஓரத்தைப் பிடிங்க. வண்டலூர் மேம்பாலம் ஏறிட்டா பூங்கா இடப்பக்கம் கீழயே போயிடும், அப்புறம் தூரமாப் போய் யு டர்ன் அடிச்சு வரணும். பாலத்துக்குக் கீழ சர்வீஸ் ரோட்டுல போய் கேளம்பாக்கம் ரோடு பக்கம் இடது திரும்பணும். புது டிரைவர் பத்துப் பேர்ல ஆறு பேர் இங்கதான் தப்பு பண்ணுவாங்க.

வாந்தி எடுக்கிற பிள்ளைங்களைக் கடைசி சீட்டுல உட்கார வைக்காதீங்க. டெம்போ டிராவலர்ல பின் சக்கரத்துக்கு அப்பால உள்ள சீட்தான் மேல கீழ தூக்கிப் போடும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, ஜன்னல் ஓரம் கொடுங்க. பெரியவங்களுக்கு படிக்கு நேரா இருக்கிற சீட்.

---

பதில் 2: அத்திப்பட்டு_மைல்கல்

மேலே சொன்ன வழி தண்டையார்பேட்டைக்குச் சரி. எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் இது. மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை வெளிவட்டச் சாலை 62 கி.மீ., சிக்னல் இல்லாமல் ஒரே இழுப்பு. நெமிலிச்சேரியில் திருவள்ளூர் சாலையையும் நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையையும் தாண்டி, முடிகிற இடம் பூங்காவுக்கு எதிர்ப்புறம். தண்டையார்பேட்டைக்காரர் இதற்காக மீஞ்சூர் வரை வடக்கே ஏறினால் 80 கி.மீ. ஆகிவிடும். நாலு டோல் வேறு.

துறைமுகக் கண்டெய்னர் வண்டிகள் இந்தச் சாலையின் இடது ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்பதுண்டு. திரும்பும்போது இருட்டிவிடும், ஆகவே நடுத்தடத்திலேயே வாருங்கள்.

---

பதில் 3: உயிர்க்காலேஜ்

மைக் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி ஓடும்போது ‘வலப்பக்கம் பாருங்கள்’ என்றால் எதிர் இருக்கையில் இருப்பவருக்குக் குழப்பம். ‘டிரைவர் பக்கம்’, ‘கிளீனர் பக்கம்’ என்று சொல்லுங்கள், யாருக்கும் சந்தேகம் வராது. இடம் வருவதற்கு அரை நிமிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பைபாஸில் வண்டி 60-ல் போனால் அரை நிமிடத்தில் 500 மீட்டர் ஓடிவிடும். ஒரு இடத்துக்கு நாலு வாக்கியம் போதும்.

தொடங்க வேண்டியது உங்கள் வண்டியில் இருக்கும் பெரியவர்களிடமிருந்து. வடசென்னைக்காரர்களுக்கு மிருகக்காட்சிசாலை என்றால் சென்ட்ரல் பக்கம்தான். 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது, சில ஆண்டுகளில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது. இன்று நேரு ஸ்டேடியமும் மை லேடீஸ் பூங்காவும் இருக்கும் பகுதி அது. அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சிசாலை ‘உயிர்க் காலேஜ்’ என்று ஊரே அழைத்தது. நெரிசலும் சத்தமும் இடநெருக்கடியும் சேர்ந்துதான் 1970-களில் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். பிறகு விலங்கு மீட்பு மையத்துக்காகச் சேர்த்த இடத்தோடு இப்போது 602 ஹெக்டேர். இதை எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலேயே ஆரம்பித்து, ‘பழைய இடத்தைப் பார்த்தவர்கள் யார் யார்?’ என்று மைக்கைப் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். புழல் வரை நீங்கள் பேசவே வேண்டாம்.

புழலில்: ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, உங்கள் தெருக் குழாய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு. அம்பத்தூர் பக்கம் ஒன்றும் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுக்கும் நேரம் அது. போரூர் ஏரிக்கு ஒரு வாக்கியம். பிறகு திருநீர்மலை: 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருக்க, வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தல வரலாறு. மலை கண்ணில் படும் முன்பே சொன்னால்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

இனி விலங்குகள். இதைப் பெருங்களத்தூருக்கு முன்பே சொல்லி முடித்துவிடுங்கள். உள்ளே பேட்டரி வண்டி ஓட்டுநர் முக்கியமான இடங்களில்தான் நிறுத்துவார், அங்கே நீங்கள் பேச ஆரம்பித்தால் பார்க்க நேரம் இருக்காது. பிள்ளைகளிடம் தகவலாகச் சொல்லாமல் தேடும் வேலையாகக் கொடுங்கள்.

மான்: புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு கிளை கிளையாக இருக்கும், குறிப்பிட்ட காலத்தில் உதிர்ந்து மறுபடி முளைக்கும், ஆணுக்கு மட்டும்தான். வெளிமானின் திருகுக் கொம்பு உதிராது. ‘உதிராத கொம்பு எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள்.

காட்டு மாடு: நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல் இருக்கும். பெயர்ப்பலகையில் காட்டெருமை என்று இருந்தாலும் அது எருமை இனம் இல்லை.

வெள்ளைப் புலி: இதில்தான் தப்பான விளக்கம் அதிகம் ஓடுகிறது. தனி இனமும் இல்லை, பனிப் பிரதேசத்துப் புலியும் இல்லை. நம் வங்கப் புலிதான், ஒரு மரபணு மாற்றத்தால் மஞ்சள் நிறமி வராமல் போனது. முழு வெளிறல் நோயும் இல்லை, அதனால்தான் கோடு கறுப்பாகவே இருக்கிறது, கண் நீலம். 1951-ல் ரீவா மன்னர் மார்த்தாண்ட சிங் பிடித்த மோகன் என்ற குட்டியின் வம்சம்தான் இன்று காப்பகங்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை.

சிங்கவால் குரங்கு: சிங்கம் என்பது வால் நுனிக் குஞ்சத்துக்கு. முகத்தைச் சுற்றிய பிடரியைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைக்காதவர் குறைவு.

நீர்யானையின் தோலில் சிவப்பாகக் கசிவது இரத்தம் இல்லை, வெயிலிலிருந்து தோலைக் காக்கும் சுரப்பு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஏதாவது ஒரு பாட்டி ‘ஐயோ பாவம், அடிபட்டிருக்கு’ என்பார்.

உள்ளே வரிசை: 9 மணிக்கு வாசலில் இருக்க வேண்டும், அதாவது தண்டையார்பேட்டையில் 7 மணிக்கு வண்டி நகர வேண்டும். நுழைவுச்சீட்டு எடுக்கும்போதே சஃபாரிக்கும் பேட்டரி வண்டிக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் ஞாயிறு 11 மணிக்கு வரிசை நீண்டிருக்கும். வெயில் ஏறும் முன் சிங்கம், புலி. நண்பகலில் அவை நிழலில் மல்லாந்துவிடும். 12-லிருந்து 3 வரை பாம்பு, இரவு விலங்குகள் போன்ற கூரைக்கு உட்பட்டவை. கடைசியில் பெரிய விலங்குகளை வைத்துக்கொள்ளாதீர்கள். மாலைத் தீனிக்கு உள்கூட்டுக்குள் அழைத்துவிடுவார்கள், அகழிக்கு அப்பால் வெறும் புல்தான் தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறீர்கள் என்றால் மாலையில் ஓட்டேரி ஏரிக்குப் போங்கள், நாரையும் கொக்கும் அடையும் நேரம்.

சஃபாரி பஸ் இரட்டைக் கதவு வழியாகப் போகும். முதல் கதவு திறந்து வண்டி உள்ளே போய், அது மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். நடுவில் நிற்கும் அந்த ஒரு நிமிடம் சின்னப் பிள்ளைகள் அழுவார்கள். ‘இது லிஃப்ட் மாதிரி, ஒரு கதவு மூடினாத்தான் இன்னொண்ணு’ என்று முன்பே சொல்லிவையுங்கள்.

செவ்வாய் விடுமுறை என்பது உங்களுக்குப் பிரச்சினை இல்லை. காணும் பொங்கல் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், 27 பேரைச் சேர்த்துப் பிடிப்பதிலேயே பொழுது போய்விடும்.

---

தண்டையார்பேட்டை_தெருச்சங்கம்

மிக்க நன்றி. வேன் உள்ளே போகாது என்பது தெரியாமல் பாதித் திட்டத்தை எழுதி வைத்திருந்தேன். இரண்டு சந்தேகம். நான் ஒரு வேனில் பேசுவது இன்னொரு வேனுக்கும் கேட்க வாட்ஸ்அப் குழு அழைப்பு போடலாமா? காலை டிபன் எங்கே சாப்பிடுவது? பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோவை (பர்மா நூடுல்ஸ்) மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வரலாம் என்று ஒரு கோஷ்டி நிற்கிறது.

---

பதில் 4: மூலக்கடை_வேன்ஸ்டாண்டு

குழு அழைப்பு வேணாம் சார். ரெண்டு வேனும் ஒரே இடத்துல இருக்காது, நீங்க போரூர் ஏரின்னு சொல்றப்போ பின் வண்டி வானகரம் டோல்ல நிக்கும். பின் வண்டியில படிக்கத் தெரிஞ்ச காலேஜ் பிள்ளை ஒண்ணு இருந்தா உங்க குறிப்பை ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துடுங்க. மைக்கையும் ஸ்பீக்கரையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, ஊளையிடும். ஸ்பீக்கர் வண்டி நடுவுல, நீங்க டிரைவர் பின்னாடி, மைக் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி.

டிபன் பார்க்கிங்லயே, வண்டிக்குள்ள கதவை மூடிட்டு. வெளிய விரிச்சா குரங்கு கூட்டமா வரும், பிள்ளை கையில இருக்கறதைத்தான் முதல்ல பிடுங்கும். இட்லியை வாழை இலையில கட்டுங்க, பிளாஸ்டிக் பையோட வாசல்ல நிறுத்திடுவாங்க. அத்தோ வேணாம். காலையில கட்டுன நூடுல்ஸ் மதியம் 1 மணிக்கு வேன் சூட்டுல களியாயிடும், முட்டையும் சேர்ந்திருந்தா வயித்துக்கு ஆகாது. திரும்பி வர்றப்போ ராத்திரி பீச் ஸ்டேஷன்கிட்டயே இறக்கி விடுறோம், சூடா சாப்பிடட்டும்.

---

பதில் 5: உயிர்க்காலேஜ்

ஒன்று விட்டுப்போயிற்று. 7 பெரியவர்களையும் ஒரே பேட்டரி வண்டியில் ஏற்றாதீர்கள். ஆளுக்கு ஒரு பேரப்பிள்ளையோடு இரண்டு வண்டியாகப் பிரித்துவிட்டால், இறங்க முடியாதவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், அல்லது முதல் வரிசையில் வெளிப்பக்கம். பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார்ந்தால் எல்லாமே கடந்துபோன பிறகுதான் தெரியும்.