தொய்வா, துவள்வா? ஆம்ப் ‘ஸேக்’குக்கு ஒரு தமிழ்ச்சொல்

மடல் 1, பாம்பனிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கையேட்டில் வால்வு (வெற்றிடக் குழாய்), சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர்), டிஜிட்டல் மாடலிங் (ஆம்பின் சத்தத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்குவது) மூன்றையும் ஒப்பிடும் அத்தியாயம் ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. ஆங்கிலத்தில் ஸேக் (sag) என்கிறார்கள். கம்பியை ஓங்கி அடித்ததும் ஆம்புக்குள் எச்.டி. வோல்டேஜ் (வால்வுகளை ஓட்டும் உயர் டிசி மின்னழுத்தம்) சட்டென்று இறங்கி, சுரம் நீளும்போது மெல்ல ஏறி வருகிறதே, அது. வால்வு ஆம்ப் விரலுக்கு இணங்குகிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. இதை விளக்காமல் எழுதினால் ‘வால்வு இனிமை, டிரான்சிஸ்டர் வறட்சி’ என்ற பழைய பாட்டுத்தான் மிஞ்சும்.

ஸேக் என்றே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு: தமிழெழுத்தில் அதைப் பார்ப்பவர் ‘ஷேக்’ என்று படிப்பார், நடுக்கம், ட்ரெமலோ என்று பொருள் திசைமாறும். ‘சாக்’ என்று எழுதினால் சாக்குப்பை.

நடப்பது இதுதான். இரண்டு ஈஎல்34 வால்வுள்ள ஆம்பில் சும்மா இருக்கும்போது எச்.டி. லைனிலிருந்து 80 மில்லி ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். முழுச் சத்தத்தில் அது 220 ஆகும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் மின்தடையும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரின் மின்தடையும் சேர்ந்து 250 ஓம் என்றால், கூடுதலாகப் போகும் 140 மில்லி ஆம்பியருக்கு 35 வோல்ட் இறங்கும். 450 வோல்ட் 415 ஆகிவிடும். திறன் வோல்டேஜின் இருமடிப்படி போவதால் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. டெசிபலில் 0.7 தான். காதுக்குச் சத்தம் குறைந்ததாகவே தெரியாது. ஆனால் வால்வுக்குள் இருக்கும் திரை கிரிட் என்ற கம்பிவலையின் வோல்டேஜும் கூடவே இறங்குவதால் அடியின் முனை மழுங்கி, பின்னால் சுரம் மலர்கிறது.

என் முன்மொழிவு: மின்னழுத்தத் தொய்வு. கயிறு தொய்வதை அறியாதவர் இந்தக் கரையில் இல்லை.

மடல் 2, கீழக்கரையிலிருந்து

> என் முன்மொழிவு: மின்னழுத்தத் தொய்வு.

தம்பி, விளக்கம் சரி. சொல்தான் இடிக்கிறது.

மின்னழுத்தத் தொய்வு என்று படித்தவுடன் நம் ஊர்க்காரர் மனத்தில் வருவது சாயங்கால லோ வோல்டேஜ். அது வேறு சங்கதி, ஆம்புக்குக் கெடுதலான சங்கதி. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால், 450 வோல்ட் எச்.டி. 391-க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்திருக்கும். வால்வைச் சூடாக்கும், 6.3 வோல்ட் வரவேண்டிய ஹீட்டருக்கு 5.5 தான் வரும். ஹீட்டருக்குப் பத்து விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் தாங்கும். அதன் கீழ்வரம்பு 5.67. இது அதற்கும் கீழே. வால்வு போதுமான எலெக்ட்ரான் உமிழாது, சத்தம் சோர்ந்து போகும். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் எலெக்ட்ரானை உமிழும் கேத்தோடும் நலியும். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் திணறும்போதும் இதே கதைதான்.

வாசிப்பவர் விரும்பும் இறக்கத்துக்கும் மின்கம்பத்திலிருந்து வரும் குறைக்கும் ஒரே சொல் வைத்தால், கையேட்டைப் படித்தவர் ஸ்டெபிலைசரைக் கழற்றிப் போட்டுவிடுவார். ‘தொய்வு விரும்பத்தக்கது’ என்று நாமே எழுதியிருப்போமே! போதாக்குறைக்குச் செய்தித்தாளில் ‘சாலைப் பணியில் தொய்வு’ என்று தினமும் வருகிறது.

இன்னொன்று. மாடலிங் கருவியில் இப்படி இறங்கும் மின்னழுத்தமே கிடையாது. லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் என்ற மாடலிங் கருவியில் ஸேக் என்றே ஓர் அமைப்பு உண்டு. அதைத் திருகினால் எந்த வோல்டேஜும் இறங்குவதில்லை. ‘இவ்வளவு கரண்ட் இழுத்தால் இந்த சப்ளை எவ்வளவு இறங்கும்’ என்று நொடிக்குப் பல்லாயிரம் முறை கணக்குப் போட்டு, அந்த எண்ணால் சத்தத்தின் உருவத்தை மாற்றுகிறது. அந்தக் கருவியின் உண்மையான சப்ளை அசையாமல் நிற்கும். ஆகவே ‘மின்னழுத்த’ என்ற முன்னொட்டோடு எந்தச் சொல்லும் வேண்டாம். இரும்புக்கும் எண்ணுக்கும் பொதுவான தனிச்சொல்லாக இருக்கட்டும்.

மடல் 3, தேவிபட்டினத்திலிருந்து

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னது முழுக்கச் சரி. தொய்வில் நான் பார்க்கும் குறை இன்னும் அடிப்படையானது. நங்கூரக் கயிறு தொய்ந்தால் யாராவது இழுத்துக் கட்டும்வரை தொய்ந்தேதான் கிடக்கும். தொய்வில் மீட்சி இல்லை. நமக்கு வேண்டிய சொல்லில் இறக்கமும் இருக்கவேண்டும், தானாக எழுவதும் இருக்கவேண்டும். எழுச்சியை விட்டுவிட்டால் பாதிப் பொருள் போச்சு.

பாய்மர வத்தையில் (படகில்) காற்று ஓங்கும்போது பாய் கட்டிய பருமலைக் கவனியுங்கள். வளைந்து கொடுக்கும், காற்று தணிந்ததும் தானே நிமிரும். துவள்கிறது என்கிறோம். ஒடிந்தால் அதைத் துவண்டது என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே துவள்வு.

கலைச்சொல்லுக்கு வினை வேண்டும், அடை வேண்டும், எதிர்மறை வேண்டும். துவள்வு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. ஆம்ப் துவள்கிறது. துவளும் சப்ளை, துவளாத சப்ளை. துவள்வு ஆழம் என்றால் எத்தனை வோல்ட், துவள்வு நேரம் என்றால் எவ்வளவு நேரத்தில் நிமிர்கிறது. திருகுமிழுக்குப் பக்கத்தில் அச்சிட நான்கே எழுத்து.

இதை வைத்து ரெக்டிஃபையர் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“1950களின் சிறிய ஃபெண்டர் டீலக்ஸில் இருக்கும் 5ஒய்3 வால்வு ரெக்டிஃபையர் 125 மில்லி ஆம்பியருக்கே 60 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும், நன்றாகத் துவளும். ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபையர் வால்வு அதைவிட அதிகக் கரண்டிலும் 17 வோல்ட் அளவுதான் எடுக்கும்; குறைவாகத் துவளும். ட்வின் ரிவர்பில் இருப்பதுபோன்ற சிலிக்கான் டையோடில் ஒரு வோல்ட்டுதான் இழப்பு. துவள்வு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மட்டுமே வரும். 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 போன்ற சாலிட் ஸ்டேட் ஆம்பிலும் சப்ளை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எதிர்ப்பின்னூட்டம் (வெளியே வரும் சத்தத்தில் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கழிப்பது) பெருக்கத்தை விடாமல் பிடித்திருப்பதால் அந்த இறக்கம், சத்தம் வெட்டுப்படும் எல்லைவரை வெளியே தெரியாது. அதனால் துவளாத ஆம்ப் என்கிறோம்.”

தடுக்காமல் ஓடுகிறது. ‘தொய்வு’ வைத்து இதையே எழுதினால் ‘குறைவாகத் தொய்ந்தது’ என்று பழுதுபார்ப்பு அறிக்கை மாதிரி ஆகிறது.

மடல் 4, தங்கச்சிமடத்திலிருந்து

‘அமுங்கல்’ என்று எனக்குத் தனிமடலில் ஒரு யோசனை வந்தது. ‘சத்தம் அமுங்குது’ என்பது நாவில் இருக்கும் வழக்குதான். ஆனால் அமுக்கம் என்ற சொல் கம்ப்ரஷனுக்கு (ஓங்கிய சத்தம் அடங்கி ஒலிப்பதற்கு) வேண்டும். துவள்வு காரணம், அமுக்கம் விளைவு. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே வேரைக் கொடுத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியிருக்காது. எனக்கும் துவள்வே சரி.

‘மனம் துவண்டது’ என்று சோர்வுப் பொருளும் உண்டே என்பார்கள். இருக்கட்டும். ‘துவண்டுவிடாதே, எழு’ என்று சொல்லும்போது எழ முடியும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

சொல்லோடு அளக்கும் முறையையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக 8 ஓம் 100 வாட் ரெசிஸ்டரான டம்மி லோடோ மாட்டாமல் வால்வு ஆம்பை ஓட்டக்கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிசியைச் சீராக்கும் முதல் ஃபில்டர் மின்தேக்கியை 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் ஐந்து நொடி இறக்குங்கள். மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்கலாம். மீட்டர் முனைகளை க்ளிப்பால் மாட்டி, 1000 வோல்ட் டிசியில் வைத்து, பிறகு ஆம்பைப் போடுங்கள். வாசிக்கும்போது முனையைக் கையில் பிடிக்க வேண்டாம்.

ஒரு ஈ கார்டை ஓங்கி அடித்தால் 450 என்பது 430, 418 என்று இறங்கி, சுரம் தேயத் தேய 436, 447 என்று ஏறிவரும். சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். சட்டென்ற இறக்கம் அதன் கண்ணில் படாது. சரியான ஆழம் வேண்டுமானால் 400 ஹெர்ட்ஸ் தொனியை உள்ளே கொடுத்து சில நொடி நிறுத்துங்கள்.

சிலிக்கான் டையோடு ஆம்பைத் துவளவைக்க விரும்புபவர் ரெக்டிஃபையருக்கும் முதல் மின்தேக்கிக்கும் நடுவே 100 ஓம் போடுவார்கள். 220 மில்லி ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 5 வாட்டுக்குள்தான் வரும். அதை நம்பி 5 வாட் வாங்கினால் கருகும். அந்த இடத்தில் கரண்ட் சீராகப் போவதில்லை; மின்தேக்கியை நிரப்பும் துடிப்புகளாகப் போகிறது. சூடு இரண்டு மூன்று மடங்கு. 25 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டரைச் சேசிஸில் திருகி மாட்டுங்கள்.

மடல் 5, கீழக்கரையிலிருந்து

துவள்வுக்கு என் ஒப்புதல். மின்கம்பத்துக் குறையைத் தாழ்வழுத்தம் என்று தனியே வைப்போம். மாடலிங் இப்போதைக்கு மாடலிங்காகவே இருக்கட்டும். ‘போலி’ என்று தொடங்கும் எதையும் நான் ஏற்கமாட்டேன். கணக்குப் போட்டுச் சத்தம் உண்டாக்குவதைப் போலி என்பது அந்தக் கருவிக்குச் செய்யும் அநியாயம்.

துவள்வு என்ற பதிவின் கீழே ஓர் எச்சரிக்கை வேண்டும். இறங்கிய வோல்டேஜ் நிமிராவிட்டாலோ, சுரத்தோடு ‘உர்’ரென்று நூறு ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தாலோ அது துவள்வு அல்ல, ஃபில்டர் மின்தேக்கி வற்றிவிட்டது. மாற்றவேண்டும்.

நம் கரைக்கென்று ஒரு பழுதும் இருக்கிறது. உப்புக்காற்றில் வால்வு சாக்கெட்டின் மேல் படியும் உப்பு ஈரத்தை இழுக்கும். ஈஎல்34-இல் பிளேட்டான 3-ஆம் பின்னுக்கும் ஹீட்டரான 2-ஆம் பின்னுக்கும் நடுவே பொறி தாவி, பழுப்புநிற பேக்கலைட்டில் பென்சில் கோடு போல ஒரு கரிக்கோடு விழும். வோல்டேஜ் விட்டுவிட்டு இறங்குவதால் பலர் இதையும் ஸேக் என்று நினைக்கிறார்கள். வெறும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் உப்பு கரையாது. முதலில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணி, அப்புறம் ஆல்கஹால், அப்புறம் நன்றாகக் காயவிடவேண்டும். கரிக்கோடு விழுந்த சாக்கெட்டைச் சுரண்டிப் பயனில்லை. பீங்கான் சாக்கெட் போட்டுவிடுங்கள்.

தேவிபட்டினத்துத் தம்பி பதிவை இப்படியே அகராதி வடிவில் எழுதி அனுப்பட்டும். அடுத்தது பயாஸ் (வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் போகவேண்டும் என்று வைப்பது). ‘சார்பு’ என்று பாடநூலில் இருப்பது ஆம்புக்குப் பொருந்தவில்லை, ஆளுக்கொரு சொல்லோடு வாருங்கள்.