மாமியார் வீட்டு பிரெஞ்சு பிரபு வம்சம்: 70 ஆண்டு இடைவெளியை நிரப்ப உதவி தேவை

மேகலா_பாரிஸ்
வணக்கம். என் மாமியாரின் தந்தை வழிக் குடும்பம் நார்மண்டியில் குதான்ஸ் பக்கம். பிரபு வம்சம் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். ஹாலில் கேடயச் சின்னம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். 1696இல் தொடங்கிய 'ஆர்மோரியால் ஜெனரால்' என்ற கேடயச் சின்னப் பதிவுத் தொகுப்பிலிருந்து எடுத்தது. வயதாகிவிட்டது, கண் மூடுவதற்குள் உண்மை தெரிய வேண்டும் என்கிறார். என் பிள்ளைகளுக்கும் இது பாட்டி வீட்டுக் கதை என்பதால் எனக்கும் ஆர்வம்தான்.

பாரிஷ் பதிவேடுகளை வைத்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போய் 1743 திருமணம் வரை உறுதி செய்துவிட்டேன். மறுபக்கம், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் 'தோசியே ப்ளூ' (நீலக் கோப்புகள்) என்ற கையெழுத்துத் தொகுதியில் இதே குடும்பப் பெயருக்கு ஒரு கோப்பு கிடைத்தது. அதில் உள்ள வம்சாவளி 1670களில் நின்றுவிடுகிறது. இணையத்தில் சிலர் இரண்டையும் சேர்த்து மரம் போட்டிருக்கிறார்கள், ஆதாரம் எதுவும் காட்டவில்லை. எங்கே தேடலாம்?

ஏட்டுக்கட்டு
சகோதரி, முதலில் அந்தக் கேடயத்தை ஆதாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 14ஆம் லூயி போர்ச் செலவுக்குப் பணம் திரட்டக் கொண்டுவந்த ஏற்பாடு அது. 1696 நவம்பர் ஆணைப்படி, சின்னம் வைத்திருப்பவர் 20 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். வியாபாரிகள், வக்கீல்கள், தொழில் சங்கங்கள், மடங்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. தாமாக வராதவர்களுக்கு அதிகாரிகளே ஒரு சின்னத்தைத் தயாரித்துத் தலையில் கட்டினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்களில் பிரபுக்களுடையவை சிறுபான்மைதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு முப்பது வருடம் முந்தையது. பிரபுக்களுக்கு 'தைய்' வரியிலிருந்து விலக்கு உண்டு. அதற்காகவே பொய்யாகப் பிரபு என்று சொல்லிக்கொண்டவர்களைக் களையெடுக்க, லூயியின் நிதி அமைச்சர் கோல்பேர் காலத்தில் பெரிய விசாரணை நடந்தது. குதான்ஸ் அப்போது கான் நகர நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அங்கே 1666இல் விசாரணையை நடத்தியவர் ஷாமியார் என்ற அரச அதிகாரி. அவருடைய பட்டியல் அச்சிலும் வந்திருக்கிறது. உங்கள் குடும்பப் பெயர் இருக்கிறதா, இருந்தால் எந்த ஊரில், யார் யார் பெயர் என்று பாருங்கள்.

சுவடி_செல்வி
மேகலா அக்கா, தோசியே ப்ளூவை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அது வம்சாவளி ஆய்வாளர்களின் குறிப்புக் கோப்பு. யாரோ சொன்னது, யாரோ அனுப்பிய கடிதம், பாதியில் விட்ட மரம் எல்லாம் ஒரே உறையில் கிடக்கும். ஒரே பெயர் கொண்ட, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குடும்பங்களும் கலந்திருக்கும்.

அதே நூலகத்தின் 'காரே தொஸியே' தொகுதியில் தேடுங்கள். அரசரின் வம்சாவளி அதிகாரிகளாகத் தலைமுறை தலைமுறையாக இருந்த தொஸியே குடும்பம் சேர்த்தது. திருமண ஒப்பந்தம், உயில், பாகப்பிரிவினை ஆகியவற்றின் சாரம் தேதியோடும் நோட்டரி பெயரோடும் அதில் இருக்கும். அங்கேயே உள்ள இன்னொரு வரிசை 'பியேஸ் ஒரிஜினால்', 3,061 தொகுதிகள். பெரும்பாலும் சம்பள ரசீது போன்ற மூலத் தாள்கள். ஆள் இருந்ததற்குச் சாட்சி கிடைக்கும், அப்பா பெயர் கிடைப்பது அபூர்வம்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1686இல் தொடங்கிய சேன்-சீர் பள்ளியில் ஏழைப் பிரபு வீட்டுப் பெண்களைச் சேர்க்க, தந்தை வழியில் 140 ஆண்டு பிரபுத்துவத்தை நிரூபிக்க வேண்டும். உங்கள் கிளையில் 1743க்குப் பிறகு ஒரு பெண் சேர்ந்திருந்தால், உங்களுக்கு வேண்டிய 70 ஆண்டும் அவளுடைய ஆதாரத் தாள்களுக்குள் வர நல்ல வாய்ப்பு. அண்ணன் தம்பிகள் தெரியாமல் போகலாம், ஆனால் நேர்க்கோடு கெட்டியாக இருக்கும்.

மேகலா_பாரிஸ்
இருவருக்கும் மிக்க நன்றி. ஷாமியார் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் 1743 திருமணம் நடந்த ஊரிலிருந்து தள்ளியுள்ள வேறொரு பாரிஷில். நோட்டரி ஆவணம் தேடலாம் என்றால், குதான்ஸ் அடங்கிய மான்ஷ் மாவட்டத்தின் காப்பகம் 1944 ஜூன் 6 அன்று சேன்-லோ நகரக் குண்டுவீச்சில் எரிந்துவிட்டதாமே? படித்ததும் மனசே விட்டுப்போயிற்று.

ஏட்டுக்கட்டு
எரிந்தது உண்மை, பெரிய இழப்பு. ஆனால் எல்லாம் போகவில்லை. அன்று நோட்டரி அலுவலகங்களிலேயே இருந்த கட்டுகள் பல தப்பித்துப் பிறகு காப்பகத்துக்கு வந்தன. 1667 முதல் பாரிஷ் பதிவேடு இரண்டு பிரதி எழுத வேண்டும் என்று சட்டம் இருந்ததால், ஊர் மன்றங்களில் இருந்த பிரதி நமக்குக் கை கொடுக்கிறது. நிர்வாகத் தாள்கள் கான் நகரத்தில், கல்வதோஸ் காப்பகத்தில் உள்ளன. பிரபுப் பட்டம் பற்றிய வழக்குகளை விசாரித்த வரி நீதிமன்றத்தின் தாள்கள் ருவான் நகரத்தில். அசல் எரிந்துபோன இடத்தில், பாரிசில் தொஸியே எடுத்துவைத்த சாரம்தான் இன்று மிஞ்சிய ஒரே சாட்சியாக இருக்கலாம். அதனால்தான் மான்ஷ் குடும்பங்களுக்கு இந்தக் கையெழுத்துத் தொகுதிகள் உயிர்.

1743 பதிவில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது?

மேகலா_பாரிஸ்
'சியர் த' என்று ஒரு நிலத்தின் பெயர். பிரபு என்பதைக் காட்டும் 'எக்குயே' பட்டம் இல்லை. ஆனால் சாட்சிகளில் ஒருவர், அதே குடும்பப் பெயர், உறவு 'கூசன்' என்று போட்டு, அவர் பெயருக்குப் பின் ஏதோ சுருக்கெழுத்து. முதலில் 'எ', பிறகு நீண்ட 'ஸ்', அதற்கு மேல் ஒரு கோடு.

சுவடி_செல்வி
அக்கா, அது 'எஸ்குயே'யின் ('எக்குயே'யின் பழைய எழுத்துக்கூட்டல்) சுருக்கமாக இருக்க நல்ல வாய்ப்பு. பட்டம் உள்ளவர் அந்தச் சாட்சி! 'சியர் த' வெறும் நிலச் சொந்தக்காரருக்கும் போடுவார்கள், அது எதையும் நிரூபிக்காது. இப்போது மாப்பிள்ளையை விட்டுவிட்டு அந்தச் சாட்சியின் ஊரைப் பிடியுங்கள். அங்கே அவருடைய ஞானஸ்நானப் பதிவு, ஞானத்தந்தை யார், கீழே போட்டிருக்கும் கையெழுத்துகள் எல்லாம் எடுங்கள். இருவருக்கும் ஒரே தாத்தா வந்தால் கோடு இணைந்துவிடும். தாத்தா பிரபு, பேரன் பட்டமில்லை என்று வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த கிளை, சில்லறை வியாபாரத்தில் இறங்கிப் பட்டத்தை இழந்த கிளை, இரண்டும் அந்தக் காலத்தில் உண்டு.

மேகலா_பாரிஸ்
சாட்சியின் ஊர், ஷாமியார் பட்டியலில் வந்த அதே பாரிஷ்! இப்போதுதான் ஒத்துப் பார்த்தேன். பதிவேடு இணையத்தில் 1690களிலிருந்து இருக்கிறது. இன்று இரவே உட்காருகிறேன். காரே தொஸியேயில் இந்தப் பெயருக்குரிய தொகுதி எண்ணை எங்கே பார்ப்பது?

ஏட்டுக்கட்டு
தேசிய நூலகத்தின் 'ஆர்ஷீவ் எ மனுஸ்க்ரி' பட்டியலில் பெயர் அகர வரிசையில் தொகுதிகள் இருக்கும். பெயரின் பழைய எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். காலிக்காவில் வராவிட்டால் ரிஷ்லியு வளாகத்தில் வாசகர் அட்டை எடுத்து மைக்ரோபிலிமில் பார்க்கலாம். அந்தச் சுருக்கெழுத்தின் படத்தையும் இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம்.