நெல்லிக்குப்பத்திலிருந்து பாகூருக்கு ஒரு பழைய வண்டிப்பாதை: மார்கழி முடிவதற்குள் கண்டுபிடிக்க உதவுங்கள்

மஞ்சக்குப்பம் கணக்கு வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறை விட்ட நாளிலிருந்து தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு பெண்ணையாற்றுப் பக்கம் போய்வருகிறேன். சித்திரையில் அந்த மண்ரோடுகளில் எட்டு மணிக்கு மேல் ஆள் நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. மார்கழி பாதிக்கு மேல்தான் மண் இறுகும், பனிக்குத் தூசியும் அடங்கிக் கிடக்கும். மாசி வரைக்கும் இந்தச் சுகம் உண்டு.

நான் தேடுவது ஒரே ஒரு பாதையை. என் ஆயா பிறந்தது பாகூர், வாழ்க்கைப்பட்டது நெல்லிக்குப்பம் பக்கம். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "விடிகாலை வண்டி கட்டினா சோத்து நேரத்துக்கு பாகூர் ஏரிக்கரை" என்பார். வழியில் புளியமரங்கள், ஒரு சுமைதாங்கிக் கல், அப்புறம் பங்காரு வாய்க்கால். இந்த மூன்றுதான் அவர் சொன்ன அடையாளம். ஆயா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

நேற்று ஆல்பேட்டை தாண்டிப் பாலத்தில் ஏறி, அக்கரையில் இறங்கியதும் இடது கைப்பக்கம் திரும்பி, கரையோடு மேற்கே போனேன். பனியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கரையிலும் கோயில் ஒலிபெருக்கிகளில் மார்கழிப் பாட்டு. சோரியாங்குப்பம் தாண்டி, குருவிநத்தம் வருவதற்கு முன்னால் நான்கு பெரிய புளியமரங்கள் கிடைத்தன. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. மரத்தடியில் தரை இரண்டு பக்கத்துக் கழனியைவிட முழங்கால் அளவுக்குப் பள்ளமாக இருந்தது. வண்டிச் சக்கரம் அறுத்த பள்ளம்தான் என்று நினைக்கிறேன். அங்கிருந்து கரையோடு மேற்கே இன்னும் கொஞ்ச தூரம் போனேன். பாதை வரப்பாகி, வரப்பும் கரும்புக் கழனியில் முடிந்துவிட்டது. கல்லும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினேன்.

யாருக்காவது அந்தப் பாதை தெரியுமா? அடுத்து, அப்படிப்பட்ட இடத்தில் நாம் பாட்டுக்கு சைக்கிளில் போவது சரியா, யாருடைய பட்டா நிலத்திலாவது நுழைந்துவிடுவோமா என்றும் சொல்லுங்கள். இன்னொன்று, ஒரே வாரத்தில் மூன்று பங்க்சர். எல்லாம் சீமைக்கருவேல முள்.

வில்லியனூர் மிதிவண்டி:

வாத்தியார் சார், முள்ளுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். உங்களுடையது 28 இஞ்ச் சாதா டயர்தானே? பழைய ட்யூப் ஒன்றை வால்வுப் பகுதியை நீக்கிவிட்டு நீளவாக்கில் கிழித்து, டயருக்கும் நல்ல ட்யூபுக்கும் நடுவில் சுற்றிலும் படுக்க வையுங்கள். வண்டி கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை. முள் குத்தினால் உடனே பிடுங்காமல், பேட்ச், சொல்யூஷன், பம்ப் மூன்றும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிடுங்குங்கள். முள்ளே அடைத்துக்கொண்டிருந்தால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், அடுத்த டீக்கடை வரைக்கும் வந்துவிடலாம்.

ஒருநாள் எங்கள் பக்கமும் வாருங்கள். கீழூருக்குப் போகிற உள்ரோடு இந்த மாதத்தில் அவ்வளவு நன்றாக இருக்கும். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று வாக்களித்த இடம் அந்தக் கிராமம்தான். நினைவு மண்டபத்து வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் நெல் அறுப்புச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காது.

சங்கிலி அளவை:

நில அளவை வேலையில் இருந்தவன் என்பதால் இரண்டாவது கேள்விக்கு மட்டும். பழைய வண்டிப்பாதைகள் பல இடங்களில் இன்னும் புறம்போக்குதான். தமிழ்நாட்டுப் பக்கம் கிராம வரைபடத்தைப் பாருங்கள், வண்டிப்பாதை இரட்டைக் கோடாகப் புள்ளி புள்ளியாக ஓடும். அதன் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு 'அ' பதிவேட்டை (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு) பார்த்தால் 'வண்டிப்பாதை' என்றே எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அது தனி ஆள் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் வழி. புலப்படமும் (அந்தந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பதிவேடும் தமிழ்நிலம் தளத்தில் இணையத்திலேயே கிடைக்கின்றன. பாகூர், குருவிநத்தம் எல்லாம் புதுச்சேரி என்பதால் அதற்கு நிலமகள் தளம். நீங்கள் தேடும் பாதை இரண்டு அரசாங்கத்துக் காகிதத்திலும் பாதிப் பாதியாக இருக்கும், ஒரே வரைபடத்தில் முழுசாகக் கிடைக்காது.

காகிதத்தில் இருபதடி இருப்பது நிலத்தில் மூன்றடியாகியிருக்கலாம். அதற்காகப் போய்ச் சண்டை போட வேண்டாம். கழனிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். வரப்பில் மட்டும் சைக்கிளை மிதிக்காதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள். இப்போது நெல் முற்றியிருக்கும் நேரம், வரப்பு உடைந்தால் அவருக்குத்தான் கஷ்டம்.

பழைய தபால் பை:

தம்பி, உங்க எழுத்தைப் பேத்தி படிச்சுக் காட்டினா. நான் சொல்லச் சொல்ல அவதான் அடிக்கிறா.

1979-லேர்ந்து நாப்பது வருஷத்துக்கு மேல அந்த வடகரை ஊருங்கள்ல தபால் கொடுத்தவன் நான். சைக்கிள்லதான் எல்லாம். நீங்க சொன்ன நாலு புளியமரமும் எனக்குத் தெரியும். முன்னாடி பதினொண்ணு இருந்துச்சு. 2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயல் அடிச்சப்போ பாதி போச்சு. அன்னைக்குக் காலைல நான் பையை வெச்சிட்டு வெளியில வந்து பார்த்தா, ரோடு இருந்த இடத்துல மரம்தான் படுத்திருந்துச்சு.

இப்ப உங்களை ஒண்ணு கேக்கறேன். அந்த நாலு மரம் எந்தப் பக்கம் பார்த்து வரிசை போட்டிருக்குன்னு கவனிச்சீங்களா? கரையோட கெழக்க மேக்கவா, இல்ல தெக்க வடக்கவா?

தெக்க வடக்கதான் நிக்குது. கரைக்குக் குறுக்க. நீங்க மரத்தைப் பார்த்துட்டு மறுபடியும் கரையோடயே மேக்க போயிருக்கீங்க. கரைவழி வெள்ளம் வந்தா உடைப்பு காக்கறதுக்கு ஆளுங்க நடந்த வழி. வண்டி போன வழி அது இல்ல. உங்க ஆயா பாலத்து வழியாவா வந்தாங்க? நெல்லிக்குப்பத்துலேர்ந்து ஆத்துக்குள்ளயே வண்டிய இறக்கி, இந்தக் கரை ஏறி, புளியமரத்து நெழல்ல மாட்டை ஆத்திட்டு நேரா வடக்க பாகூருக்குப் போயிருப்பாங்க. ஆத்தைத் தாண்டற எடம்தான் அந்த ரோட்டுக்கு உயிரு. மணல்ல சக்கரம் பொதையாம இருக்கக் கருப்பந்தோகையப் பரப்பி, ரெண்டு ஜோடி மாடு கட்டி இழுப்பாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. அப்போ இந்தக் கரை பிரெஞ்சுக்காரன் சீமை, அந்தக் கரை வெள்ளைக்காரன் சீமை. கரை ஏறினதும் மூட்டையப் பிரிச்சுக் காட்டணுமாம். அப்புறம் பாலத்து மேல பஸ்சு ஓட ஆரம்பிச்சதும் ஆத்துல எறங்கறது கொறஞ்சுபோச்சு. தாண்டற எடத்துக்கு வேலையில்லன்னா அதுக்குப் போற ரோட்டை யாரு பாப்பாங்க? ஒவ்வொரு வருஷமும் ஒரு மம்முட்டி மண்ணு வரப்புக்குப் போச்சு.

கல்லைப் பத்திச் சொல்றேன். கடைசி மரத்துலேர்ந்து வடக்க, கூப்பிடு தூரத்துல, எடது பக்கம் ஒரு வேலிக்காத்தான் பொதர் இருக்கும். அதுக்குள்ளதான் கல்லு. ரெண்டு நட்ட கல்லு, மேல ஒரு படுக்கைக் கல்லு. மேல் கல்லு ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும். புள்ளத்தாச்சியா செத்துப்போன ஒரு பொண்ணுக்காக அவங்க வீட்டுக்காரங்க நட்டதுன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க. வயித்துச் சொமையோட போனவளுக்கு நாலு பேரு சொமைய எறக்கி வெச்சாப் புண்ணியம்னு. என் பையை நான் வெச்சு மூச்சு வாங்காத நாளே இல்ல. நின்னுக்கிட்டே தலைச்சொமைய எறக்கிக்கற ஒசரம், குனியவே வேணாம்.

மாசத்துல ஒருநாள் அந்தக் கல்லுக்கிட்ட ஒரு கிழவி காத்திருக்கும். முதியோர் பென்ஷன் மணியார்டர் வாங்கறதுக்கு. வீட்டுக்கே கொண்டாந்து தரேன் ஆயா, ஏன் பனியில வந்து நிக்கறேன்னு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன். கேக்காது. மார்கழி, தை மாசம்னா முந்தானையில ரெண்டு பனங்கிழங்கு முடிஞ்சு கொண்டாரும். சுட்ட கிழங்கு, சூடு ஆறியிருக்காது. கைநாட்டு வெச்சுட்டு, கிழங்கைக் கல்லு மேல வெச்சுட்டுப் போகும். ஒரு தை மாசம் கல்லுக்கிட்ட யாரும் இல்ல. மணியார்டரைத் திருப்பி அனுப்பினேன். அதுக்கப்புறம் அந்த வழியில எனக்குத் தபாலும் கம்மியாயிடுச்சு. பாதை அடைச்சுக்கிட்டது அப்பதான்னு எனக்கு ஒரு நெனப்பு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் தம்பி. ஆயா போன வழின்னு ஆத்துல எறங்கிடாதீங்க. மணல் அள்ளின பள்ளம் தண்ணிக்கு அடியில தெரியாது. 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்கப்புறம் அடி எங்க, மேடு எங்கன்னு எங்களுக்கே புடிபடல. பொதர்ல கை விடறதுக்கு முன்னாடி கோலால தட்டுங்க. அறுப்பு நேரத்துல கண்ணாடி விரியன் வெயில் காய வரும்.

மஞ்சக்குப்பம் கணக்கு வாத்தியார்:

ஐயா, இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. இன்று காலை போனேன். மரங்கள் தெற்கு வடக்காகத்தான் நிற்கின்றன. இரண்டு தடவை அவற்றின் நடுவில் நின்றும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கல் இருக்கிறது. வேலிக்காத்தானை ஒருவர் மாட்டுக் கொட்டகை வேலிக்காகப் பாதி வெட்டியிருந்தார், அதனால் கிட்டே போக முடிந்தது. நீங்கள் சொன்னபடியே மேல் கல் சரிந்திருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை. மேல்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. என் பையை இறக்கி வைத்தேன். சரியாக என் நெஞ்சு உயரம். ஆயா வண்டியில் போனவர், தலைச்சுமை அவருக்கு இருந்திருக்காது. ஆனாலும் இந்தக் கல்லை அவர் பார்த்திருக்கிறார் என்று நினைத்தபோது அழுதுவிட்டேன்.

கல்லிலிருந்து வடக்கே பாதை கரும்புக்குள் போய்விடுகிறது. நேராகப் போனால் பங்காரு வாய்க்காலை எந்த இடத்தில் தாண்டும்?

பாகூர் மருமகள்:

அண்ணா, வாய்க்காலைத் தாண்டும் இடம் எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர்கள் கழனி அங்கேதான். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் அது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு அக்கா தங்கை வெட்டியது என்று இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். இப்போது தண்ணீர் நிறைய ஓடுகிறது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட முடியாது, கொஞ்சம் கிழக்கே சிமெண்ட் பாலம் இருக்கிறது.

நான் எழுத வந்தது வேறு. தை மாதம் ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு வாருங்கள். சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் பெண்ணையாற்றுக்கு வரும். எங்கள் தெருச் சாமி இப்போது டிராக்டரில் தார்ரோட்டில்தான் போகிறது. ஆனால் கற்பூரம் காட்ட ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். அங்கே கோயில் இல்லை, வீடு இல்லை, ரோட்டு ஓரம் வெறும் வாய்க்கால் மேடு. ஏன் இங்கே நிறுத்துகிறோம் என்று கல்யாணமாகி வந்த வருஷம் மாமியாரைக் கேட்டேன். "சாமி அந்தக் காலத்துல இப்படித்தான் எறங்கிப் போகும்" என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டியது தெற்கே, கரும்புப் பக்கம். ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

கூட்டம் நிறைய இருக்கும், சைக்கிளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிடலாம். திரும்பும்போது சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வரமாட்டார்கள், நீங்களும் வாங்குங்கள்.

பழைய தபால் பை:

அம்மாடி, அந்த மேட்டுல முன்னாடி ஒரு தண்ணிப் பந்தல் இருந்துச்சு. நான் மோர் குடிச்சிருக்கேன். உங்க மாமியாரைக் கேட்டுப் பாரு, தெரிஞ்சிருக்கும்.

தம்பி, இன்னைக்குக் காலைல அந்தக் கரும்புக் கழனிக்காரரைப் பார்த்துப் பேசிட்டு வந்தேன். தெரிஞ்சவர்தான், அவங்கப்பாவுக்கு நான் லெட்டர் கொடுத்திருக்கேன். ஆலையிலேர்ந்து வெட்டு உத்தரவு வந்துடுச்சாம். பொங்கல் கழிச்சு ஆள் எறங்குது. வெட்டி, தோகையைக் கொளுத்திட்டா தரை தெரியும், பள்ளம் எங்க போகுதுன்னு பார்த்துடலாம். அவரும் கூட வரேன்னு சொல்லியிருக்காரு. திருவிழா அன்னைக்கு விடிகாலை ஆறு மணிக்கு நான் கல்லுக்கிட்ட இருப்பேன். பேத்தி என்னை வண்டியில கொண்டாந்து விடறா. நீங்க சைக்கிள்லயே வாங்க, அந்த ரோட்டுல சைக்கிள் போய் ரொம்ப வருஷம் ஆச்சு.