நான்கு நூல் உளி

குழு: தாய்மாமன் வீடு

நான் (ஞாயிறு, காலை 7:12)
மாமா, வணக்கம். சென்ற மாதம் வாங்கிய உளிகளில் நான்கு நூல் (அரை அங்குல) உளி மட்டும் தீட்டத் தீட்ட மழுங்கிக்கொண்டே போகிறது. கடையிலிருந்து வந்தபோதே முனை சரியில்லாததால் தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து வாங்கினேன். அன்று மாலை நன்றாகத்தான் வெட்டியது. மறுநாள் தேக்குச் சட்டத்தில் ஒரு துளை அடித்து முடிப்பதற்குள் முனை மடங்கிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா (7:20)
அண்ணா, அவன் சொல்லமாட்டான் என்பதால் நான் சொல்கிறேன். இடது கட்டைவிரலில் இரண்டு தையல் போட்டிருக்கிறது. இன்னும் கூராக்கித் தரச் சொல்கிறான்.

மாமா (7:48)
மழுங்கிய உளிதான், தங்கச்சி, கையைப் பதம் பார்க்கும். வெட்டாத உளியை உடம்பு பலத்தால் தள்ளும்போதுதான் அது வழுக்கிக்கொண்டு போகிறது. மரத்தைக் கையால் பிடிக்காமல் பட்டறை மேசையில் இறுக்கிவிட்டு, இரண்டு கையும் முனைக்குப் பின்னால் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் தையலுக்கு வேலை இராது.

மாப்பிள்ளை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முனையை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்கு மயில்கழுத்து நிறம் ஓடியிருக்கிறதே, கவனித்தாயா? சாணைச் சக்கரத்தில் விடாமல் அழுத்திப் பிடித்ததில் மெல்லிய முனை சூடேறிவிட்டது. உருக்கு 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறத்துக்கு வரும்; நீலமாகிவிட்டால் 300 டிகிரியை எட்டிவிட்டது, பதம் (உருக்கின் கடினம்) போய்விட்டது என்று பொருள். பதம் போன இடத்தை எத்தனை முறை தீட்டினாலும் கூர் வரும், நிற்காது. அந்த நீலம் முழுவதையும் தீட்டுக்கல்லின் சொரசொரப்பான பக்கத்தில் தேய்த்தே எடுத்துவிடு; அரை நாள் ஆகும். மறுபடி சக்கரத்துக்குப் போக நேர்ந்தால் உளியை முனையருகே வெறும் விரலால் பிடித்துக்கொள்; விரல் சுடுவதற்குள் தண்ணீரில் முக்கிவிடு.

நான் (8:05)
முனையின் சரிவு எத்தனை டிகிரி வைக்க வேண்டும் மாமா? கோணமானி வைத்துப் பார்த்தால் கை ஆடுகிறது.

மாமா (8:16)
எங்கள் பட்டறையில் கோணமானியை யாரும் கண்ணால் கண்டதில்லை. தகட்டின் கனம் எவ்வளவோ அதைப் போல் இரண்டு மடங்கு சரிவின் நீளம் இருந்தால் 30 டிகிரி. இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேலே போனால் 25. கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) அடிக்கும் உளிக்கு 30 வை. கையால் தள்ளிச் சீவுவதற்கு மட்டும் 25 போதும்.

அத்தை (8:21)
தம்பி, கல்லுக்கு நல்லெண்ணெய் விடாதே. உன் மாமா ஒருமுறை அவசரத்தில் விட்டுவிட்டு, பிசுக்குப் பிடித்த கல்லை ஒரு நாள் முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் நம் வீட்டிலேயே இருந்தது.

நான் (மாலை 5:40)
நீலத்தை எடுத்துவிட்டேன். கூர் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் சீவும்போது உளி மரத்தை விட்டு மேலே மேலே ஏறுகிறது.

மாமா (5:52)
சரிவுக்கு எதிரே உள்ள தட்டைப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். முனையில் மட்டும் மெல்லிய பளபளப்பு தெரிந்தால் பிசிறை எடுக்கும்போது பிடிப்பக்கத்தைத் தூக்கிவிட்டாய். புதிதாகப் பழகும் எவரும் செய்வதுதான், நானும் செய்தேன்.

சரிவைத் தேய்க்கத் தேய்க்க, எதிர்ப்பக்கத்தில் மயிரிழை போல் ஒரு பிசிறு புரண்டு வரும். தட்டைப்பக்கத்தின் மேல் விரல்நுனியை வைத்து, முனைக்கு வெளியே இழுத்தால் அது தட்டுப்படும். ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தட்டுப்படாமல் அடுத்த கல்லுக்குப் போகாதே. பிறகு தட்டைப்பக்கத்தைக் கல்லோடு கல்லாகப் படியவைத்து இழு. ஒரு காகிதத்தின் கனம் கூடத் தூக்கக் கூடாது. கல்லின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் நடக்காது. கனமான கண்ணாடியின் மேல் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை) விரித்துக் கல்லை அதில் தேய்த்து முதலில் சமப்படுத்து.

நான் (இரவு 8:34)
தட்டைப்பக்கத்தில் பளபளப்பு இருந்தது, நீங்கள் சொன்ன அதே இடத்தில். தேய்த்து எடுத்துவிட்டேன். இப்போது கையிலுள்ள ரோமத்தை மழிக்கிறது.

மாமா (8:41)
ரோமத்தை அரைகுறைக் கூர் கூட மழிக்கும். பேக்கிங் பெட்டியிலிருந்து ஒரு பைன் பலகைத் துண்டை எடுத்து, அதன் வெட்டுமுகத்தை (நார் குறுக்கே அறுபட்ட முனையை) சீவிப் பார். மெதுமரம்தானே என்று எண்ணாதே. கூர் குறைந்தால் நார் அறுபடாமல் நசுங்கி, முகம் வெளுத்துச் சொரசொரப்பாகும். மெழுகு போல் வழவழவென்று வந்தால் உளி தயார்.

நான் (9:17)
படம் பாருங்கள் மாமா. ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது.

மாமா (9:25)
அந்த மூலை இன்னும் தேயவில்லை, அல்லது அங்கே முனை சிறிது உடைந்து பல் விழுந்திருக்கிறது. நாளைக்கு அந்த மூலையின் மேல் விரலை அழுத்தி இருபது இழுப்பு இழு. தேக்கில் மணற்சத்து உண்டு, எவ்வளவு நல்ல கூரையும் தின்றுவிடும். ஆகையால் இரண்டு வாரம் பூவரசில் பழகு. சுத்தியலால் உளிப்பிடியை அடிப்பதையும் இன்றோடு விட்டுவிடு, படத்தில் பிடி பிளந்திருப்பது தெரிகிறது. என்னுடைய புளியமரக் கொட்டாப்புளி பரணில் இருக்கிறது.

அத்தை (9:31)
பரணில் இல்லை, அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும்போது எடுத்து வருகிறேன்.