பழைய ஜன்னல் ஃப்ரேம்களை என்ன செய்யலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வீடு புதுப்பிக்கிற வேலையில் பழைய ஜன்னல்களை எல்லாம் கழற்றியாச்சு. மரம், அலுமினியம், யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) என்று கலந்து கிடக்கிறது. இடிபாட்டோடு சேர்த்து லாரியில் ஏற்ற மனசு வரவில்லை.

அலுமினியத்துக்குக் கவலை இல்லை. தாதுவிலிருந்து எடுக்க ஆகும் எரிசக்தியில் சுமார் 5 சதவீதம் இருந்தால் உருக்கிவிடலாம், அதனால் பழைய இரும்புக் கடையிலேயே எடுத்துக்கொள்வார்கள்.

தலைவலி யுபிவிசிதான். ஒன்றை அறுத்துப் பார்த்தேன்: உள்ளே இரும்புப் பட்டை, கண்ணாடி ஓரமெல்லாம் கறுப்பு ரப்பர், மூலையில் காய்ந்துபோன சிலிக்கான். இதையெல்லாம் நானே பிரித்துக் கொடுக்கணுமா, இல்லை மறுசுழற்சிக்காக பிளாஸ்டிக்கை அரைக்கிற இடத்தில் காந்தம் வைத்து இரும்பை அவர்களே எடுத்துவிடுவார்களா? வெள்ளையையும், மர டிசைன் ஒட்டியதையும் தனித்தனியாகக் கட்டணுமா?

மரச் சட்டங்கள் உளுத்துப் போகாமல் கெட்டியாக இருக்கின்றன, அறுத்து அலமாரிக்குப் போடலாம். ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் பயம் (விறகாக்கச் சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு). வீட்டிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

கண்ணாடியை பாட்டில்களோடு சேர்த்துப் போடக் கூடாது என்பது மட்டும் தெரியும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். அளவும் போட்டோவும் வேண்டுமென்றால் கமென்ட்டில் போடுகிறேன்.