ஆர்சனலுக்கு ஸ்ட்ரைக்கர் மட்டும் வந்தால் போதுமா?

உப்புவெளி கன்னர்:
இது 2025 மே. 2024-25 சீசன் முடிந்துவிட்டது, இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆர்சனலுக்குத் தொடர்ந்து மூன்றாவது வருடமாக இரண்டாம் இடம். எங்கே பார்த்தாலும் "ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள ஆள்) வாங்கு" என்ற ஒரே பேச்சு. எனக்கும் வேண்டும்தான். ஜனவரியில் எங்கள் முன்கள ஆட்டக்காரர் ஜேசுஸ் முழங்கால் போய் உட்கார்ந்த பிறகும் ஒருவரையும் வாங்காமல் விட்டதை இன்னும் ஏற்க முடியவில்லை, அடுத்த மாதமே டுபாய் முகாமில், முன்னால் ஆடிய ஹாவெர்ட்ஸும் தொடைத்தசை கிழிந்து வெளியே போக, நடுக்கள ஆட்டக்காரரான மெரினோவை முன்னால் நிறுத்தி மிச்ச சீசனை ஓட்டினோம். லெஸ்டருக்கு இரண்டு அடித்தார், ரியல் மாட்ரிட்டுக்கும் அடித்தார், அவரில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சாம்பியன் லிவர்பூல் தோற்றதும் 4 மேட்ச், நாங்கள் தோற்றதும் 4. அவர்களுக்கு 84 புள்ளி, எங்களுக்கு 74. எல்லாம் டிராவில் போனது: அவர்கள் 9, நாங்கள் 14. முந்தைய சீசனில் 91 கோல் அடித்த டீம் இந்த முறை 69. அப்போதும் எங்களிடம் பெரிய ஸ்ட்ரைக்கர் இருக்கவில்லையே! பந்து கோலி ரயா, தடுப்பாட்டக்காரர்கள் சலிபா, கப்ரியல் என்று பின்னாலேயே சுற்றுகிறது, அதற்குள் எதிரணி முழுக்கத் தங்கள் பெனால்டி பெட்டிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் வலது விங் சாக்காவிடம் கொடுத்து அவர் இரண்டு பேரைத் தாண்டும்வரை மற்றவர்கள் நிற்கிறார்கள். இந்த வேகத்தில் ஆடினால் யாரை வாங்கிப் போட்டாலும் பட்டினி கிடப்பார். உங்கள் கருத்து என்ன?

கிண்ணியா ஸ்டாப்பர்:
தம்பி, வேகம் குறைவு என்பது சரி, ஆனால் சீசன் எப்படிப் போனது என்பதை மறக்கக்கூடாது. பிரைட்டனோடு ரைஸ், சிட்டியோடு ட்ரோசார்ட், போர்ன்மவுத்தோடு சலிபா, மூன்று ரெட் கார்ட், அந்த மூன்று மேட்சிலேயே 7 புள்ளி போய்விட்டது. நடுக்களத்தில் ஆட்டத்தை அமைக்கும் கேப்டன் ஒடெகார்ட் செப்டம்பரில் நோர்வேக்கு ஆடப் போய் கணுக்கால் அடிபட்டு வந்தார். சாக்கா டிசம்பரில் விழுந்தவர், ஏப்ரலில்தான் திரும்பினார்.

இன்னொன்று. நான் பல வருடம் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன். எதிரணி ஸ்ட்ரைக்கர் பந்து கேட்டுக் கீழே இறங்கிப் போனால் எனக்கு நிம்மதி, நானும் நாலு அடி முன்னுக்கு வந்து நடுக்களத்தை நெருக்கிவிடுவேன். என் தோளோடு ஒட்டி நின்று, எந்த நேரமும் முதுகுக்குப் பின்னால் ஓடப் பார்ப்பவன் என்றால் முன்னுக்கு வரவே பயம். ஹாவெர்ட்ஸ் முதல் வகை. அதனால்தான் ஒடெகார்டுக்குப் பந்தோடு திரும்பி ஆட இடம் கிடைப்பதில்லை. நல்ல ஒன்பதாம் நம்பர் (ஸ்ட்ரைக்கர்) வந்தால் நீங்கள் கேட்கிற வேகமும் தானாக வரும்.

பாலையூற்று ரசிகன்:
வாங்கச் சொல்கிற ஸ்ட்ரைக்கர்களில் யோக்கெரெஸ் போர்த்துக்கல் லீக்கில் 39 கோல் அடித்தார், உண்மை. ஆனால் நவம்பரில் லிஸ்பனில் அவருடைய ஸ்போர்ட்டிங் டீமை நாங்கள் 5-1 என்று அடித்தபோது கப்ரியலும் சலிபாவும் அவரை அசையவிட்டார்களா? அவருக்கு ஓட வெளி வேண்டும், எங்கள் எமிரேட்ஸ் மைதானத்தில் அந்த வெளியை ஒருவரும் தரமாட்டார்கள். எனக்கு என்றால் இன்னொரு ஸ்ட்ரைக்கரான செஸ்கோ, வயதும் குறைவு, உயரமும் இருக்கிறது.

அதைவிட இடது பக்கத்தை ஏன் ஒருவரும் பேசுவதில்லை? இடது பின்கள ஆள் லூயிஸ்-ஸ்கெல்லி நடுக்களத்துக்குள் வந்துவிடுகிறான், நன்றாகவும் ஆடுகிறான், ஆனால் இடது விங் மார்ட்டினெல்லி கோட்டோரம் தனியே மாட்டிக்கொள்கிறார். முதலில் அங்கே ஆள் வேண்டும் மச்சான், ஸ்ட்ரைக்கர் அதற்குப் பிறகு.

மூதூர் 11:
எங்கள் பயிற்சியாளர் ஆர்டெட்டா டீமை வேகமாக ஆடவைக்கத் தெரியாதவர் இல்லை. மே 7 இரவு பன்னிரண்டரைக்கு கண் விழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பாரிஸில் முதல் இருபது நிமிடம் பிஎஸ்ஜியை எப்படி நெருக்கினோம், அவர்களின் கோலி டொனாரும்மா மட்டும் இல்லையென்றால் கதையே வேறு. அப்படி ஆட முடிந்தவர்கள், சொந்த மைதானத்தில் எவர்ட்டனோடு 0-0, வெஸ்ட்ஹாமோடு 0-1 என்று ஏன் கட்டிப்போட்ட மாதிரி நிற்கிறார்கள்? கோர்னர் கிடைத்தால் போதும் என்ற எண்ணம் டீமுக்குள் வந்துவிட்டது. கோர்னர், ஃப்ரீகிக் பயிற்சியாளர் ஜோவர் சொல்லிக்கொடுத்தது அருமையான வேலைதான், ஏகாம்பரம் மைதானத்தில் பொடியன்கள்கூட இப்போது கோலியைச் சுற்றி நின்றுதான் கோர்னர் அடிக்கிறார்கள். ஆனால் அதையே நம்பி லீக் எடுக்க முடியாது.

உப்புவெளி கன்னர்:
ஸ்டாப்பர் நானா சொன்னது நல்ல விளக்கம், ஆனால் அவன் ஓடும்போது பந்து வர வேண்டுமே. சலிபா தலையை நிமிர்த்தி அந்த நொடியிலேயே முன்னுக்குப் போடாமல் பக்கத்தில் தட்டினால் ஓடியவன் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டியதுதான். வெஸ்ட்ஹாம் மேட்சை இன்னொரு தடவை பாருங்கள், இளம் ஆட்டக்காரன் நுவானேரி மட்டும்தான் நேராகப் போகப் பார்த்தான். ஆள் வாங்கும் பொறுப்பில் உள்ள ஸ்போர்ட்டிங் டைரக்டர் பெர்ட்டா, முன்பு அத்லெட்டிக்கோ மாட்ரிட்டில் இருந்தவர், 2025 மார்ச்சில்தான் வந்தார், அவரிடம் நான் கேட்பது ஒரு ஸ்ட்ரைக்கர், ஒரு இடது விங், அத்தோடு பின்னாலிருந்து ஒரே தட்டில் முன்னுக்குப் போடத் தெரிந்த நடுக்கள ஆள். சுபிமெண்டி என்கிறார்கள். அவர் வந்தால் ரைஸ் இடது பக்கம் இன்னும் மேலே ஏறி ஆடலாம், அங்கேதான் அவர் ஆபத்தானவர். நானா, ரைஸை ஆறாம் நம்பரிலேயே (தடுப்புக்கு முன்னால் நிற்கும் நடுக்கள இடம்) வைக்க வேண்டும் என்று முன்பு எழுதினீர்கள், இப்போதும் அதே நிலைப்பாடுதானா?

கிண்ணியா ஸ்டாப்பர்:
இல்லை தம்பி, சுபிமெண்டி வந்தால் ரைஸ் மேலே போகட்டும். வராவிட்டால் அவரை அங்கிருந்து எடுக்கவே விடமாட்டேன்.